மெஷினுக்குச் சரக்கு கொண்டுபோக எந்த வண்டி வாங்கலாம்? கையெழுத்துப் போடும் முன் ஒரு கணக்கு



தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகை பிளாஸ்டிக் பொருட்களைத் தடை செய்தது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியது. 2022 ஜூனில் சென்னை கோயம்பேடு மார்க்கெட்டில் பத்து ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் தானியங்கி மெஷின் வந்தது. அதற்கு முன்பிருந்தே பள்ளிக்கூடம், கல்லூரி, ஆஸ்பத்திரிகளில் நாப்கின் மெஷின்கள் இருக்கின்றன. பை தைப்பதும் நாப்கின் செய்வதும் நம் பெண்கள் கைப்பழக்கத்தில் இருக்கும் வேலை. அதனால் ‘மெஷினையும் நாமே வைத்து, சரக்கையும் நாமே நிரப்பினால் என்ன?’ என்ற பேச்சு கூட்டமைப்புக் கூட்டங்களில் அடிக்கடி வருகிறது. நல்ல யோசனைதான்.

ஆனால் அந்தப் பேச்சு தொடங்கின பத்தாவது நிமிஷத்தில், "முதல்ல ஒரு வண்டி வாங்கிடலாம் மேடம், வண்டி இருந்தா எல்லாம் நடக்கும்"னு யாராவது சொல்லிவிடுகிறார்கள். வண்டி என்றால் கடன். கடன் என்றால் குழுவில் எல்லோரும் சேர்ந்து தலையில் ஏற்றிக்கொள்ளும் சுமை. மெஷின் நன்றாக விற்றும், வண்டித் தவணையால் தொழிலே நின்றுபோக வாய்ப்பு உண்டு. ஆகவே இந்த இதழில் வண்டியைப் பற்றி மட்டும் நிதானமாகப் பார்ப்போம்.

மெஷினை ஏற்றுவது வேறு, சரக்கை ஏற்றுவது வேறு

முதலில் இதைப் பிரித்துக்கொள்ளுங்கள். மெஷின் கனமானது. அதை நிமிர்த்தி வைத்துத்தான் கொண்டுபோக வேண்டும், ஏற்றி இறக்க நாலு ஆள் வேண்டும். ஆனால் அதை ஓர் இடத்தில் வைத்தால் வருஷக்கணக்கில் அங்கேயே இருக்கும். ஒரு நாள் வேலைக்கு ஒரு நாள் வாடகை வண்டி போதும். மெஷினின் எடையைப் பார்த்துப் பெரிய வண்டி வாங்குவது, கல்யாணத்துக்கு வந்த கூட்டத்தைப் பார்த்து வீடு கட்டுகிற மாதிரி.

வாராவாரம் நாம் தூக்கப்போவது சரக்கு. அதை எடை போட்டுப் பாருங்கள். ஒரு நூறு பையைக் கட்டி மளிகைக் கடைத் தராசில் வைத்தால் தெரிந்துவிடும். ஒரு பை 50 கிராம் என்று வைத்துக்கொண்டால் 1,000 பை 50 கிலோ, ஒரு சிமெண்ட் மூட்டை அளவுதான். நாப்கின் இன்னும் லேசு. ஆனால் பஞ்சு மாதிரி இடத்தை அடைக்கும். ஆகவே பைக்கு எடையைப் பாருங்கள், நாப்கினுக்கு அட்டைப்பெட்டியின் நீள அகலத்தைப் பாருங்கள்.

இன்னொன்றையும் பலர் மறந்துவிடுகிறார்கள். போகும்போது பை, வரும்போது காசு! பத்து ரூபாய் நாணயம் ஒன்று ஏறக்குறைய 7.7 கிராம். 1,000 நாணயம் என்றால் சுமார் 8 கிலோ, மதிப்பு 10,000 ரூபாய். திரும்பி வரும் வண்டியில் பூட்டு போட்ட பெட்டி ஒன்று கட்டாயம் வேண்டும். ‘பத்து ரூபாய் காயின் செல்லாது’ என்ற வதந்தி நம் பக்கத்தில் இன்னும் முழுசாக ஓயவில்லை. எல்லா வடிவ 10 ரூபாய் நாணயமும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியிலேயே தெளிவாக அறிவித்திருக்கிறது. உங்கள் குழுக் கணக்கு உள்ள வங்கியில் நாணயத்தை எந்த நாளில், எந்த நேரத்தில் வாங்குவார்கள் என்று முன்னாலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

என்னென்ன வண்டி இருக்கிறது?

1. மொபெட்: நாம் இன்னும் ‘டி.வி.எஸ். ஃபிப்டி’ என்றே சொல்கிறோம். இப்போது வருவது எக்ஸ்.எல். 100. கம்பெனி சொல்லும் சுமை அளவு 130 கிலோ. இதில் ஓட்டுகிறவரின் எடையையும் சேர்த்துக் கழித்துக்கொள்ளுங்கள். மீதி சுமார் 60, 70 கிலோதான் சரக்கு. கியர் கிடையாது என்பதால் பெண்கள் சீக்கிரம் பழகிக்கொள்ளலாம். நெசவாளர் தெருச் சந்துகளில் எளிதாக நுழையும். மழையில் சரக்கு நனையும் என்பதுதான் குறை.

2. லோடு ஆட்டோ: மூன்று சக்கரம், சுமார் அரை டன் தாங்கும். டீசல், கேஸ், பேட்டரி என்று எல்லாவற்றிலும் வருகிறது. பேட்டரி வண்டிக்கு ஓட்டும் செலவு குறைவு. ஆனால் ஒரு சார்ஜில் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பதைக் கம்பெனிக் காகிதத்தில் பார்த்து நம்பாமல், சுமை ஏற்றி ஓட்டுகிற ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எந்த மின் இணைப்பில் சார்ஜ் போட வேண்டும் என்பதையும் மின்வாரிய அலுவலகத்தில் கேளுங்கள்.

3. குட்டியானை: 2005-ல் டாடா ஏஸ் வந்ததிலிருந்து இந்தப் பெயர் ஊரெல்லாம் நிலைத்துவிட்டது. சுமார் முக்கால் டன் தாங்கும். மூடிய கூண்டு கட்டினால் மழைக்குப் பயமில்லை. ஆனால் விலை, தவணை, டிரைவர் சம்பளம், எஃப்.சி., இன்சூரன்ஸ் எல்லாமே பெரிது.

4. வண்டியே வாங்காமல்: பஸ், வாடகை ஆட்டோ, பக்கத்து ஊர்க் குழுவின் உதவி. இதை யாரும் ‘வண்டி’ கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஒரு கூட்டமைப்பு 10 மஞ்சப்பை மெஷின் வைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காஞ்சிபுரம் டவுனில் 4, வாலாஜாபாத்தில் 2, ஸ்ரீபெரும்புதூரில் 2, உத்திரமேரூரில் 2. ஒரு மெஷினில் ஒரு நாளைக்கு 15 பை விற்கிறது. மொத்தம் நாளைக்கு 150, மாதம் 4,500 பை. துணி, தையல் கூலி, மெஷின் பராமரிப்பு, கரண்ட், இடவாடகை எல்லாம் போக ஒரு பையில் 3 ரூபாய் நிற்கிறது. மாதம் 13,500 ரூபாய். போக்குவரத்துச் செலவும் லாபமும் இதற்குள்தான் அடங்க வேண்டும்.

வாரம் மூன்று நாள் சுற்று. ஒரு நாள் டவுன் (15 கி.மீ.), ஒரு நாள் வாலாஜாபாத் வழியாக ஸ்ரீபெரும்புதூர் (போய்வர 80 கி.மீ.), ஒரு நாள் உத்திரமேரூர் (போய்வர 65 கி.மீ.). வாரம் 160, மாதம் 640 கி.மீ.; மாதம் 12 நாள் வேலை.

குட்டியானை வாங்கினால்:
- 5 லட்சம் கடன், 10 சதவீத வட்டி, 5 வருஷம்: மாதத் தவணை ரூ.10,624
- டீசல் (லிட்டருக்கு 15 கி.மீ.): சுமார் ரூ.4,000
- டிரைவர் 12 நாள், நாளைக்கு 700: ரூ.8,400
- இன்சூரன்ஸ், எஃப்.சி., ரிப்பேருக்கு ஒதுக்குவது: ரூ.3,000
- மொத்தம் ரூ.26,024. வரவு 13,500. மாதம் ரூ.12,524 நஷ்டம்.

மொபெட் வாங்கினால்:
- 60 ஆயிரம் கடன், அதே வட்டி, 2 வருஷம்: ரூ.2,769
- பெட்ரோல் (சுமையோடு லிட்டருக்கு 45 கி.மீ.): சுமார் ரூ.1,450
- சரக்கு நிரப்பும் பெண்ணுக்கு 12 நாள், நாளைக்கு 400: ரூ.4,800
- இன்சூரன்ஸ், ரிப்பேர்: ரூ.500
- மொத்தம் ரூ.9,519. மிச்சம் ரூ.3,981.

வண்டி வாங்காமல் பஸ்ஸில் போனால்:
- வெளியூர்ச் சுற்று மாதம் 8 நாள், கூலி 400 வீதம்: ரூ.3,200
- பஸ் செலவு நாளைக்கு 100 வீதம்: ரூ.800
- டவுன் சுற்று 4 நாள், கூலி 400, ஆட்டோ 150: ரூ.2,200
- மொத்தம் ரூ.6,200. மிச்சம் ரூ.7,300.

பார்த்தீர்களா? அதே மெஷின், அதே விற்பனை. வண்டியை மாற்றினால் லாபம் நஷ்டமாகிறது. குட்டியானை தன் செலவை மட்டும் சம்பாதிக்கவே மாதம் 8,675 பை விற்க வேண்டும். நம் கணக்கில் விற்பதோ 4,500. மாதம் 12 நாள் ஓடும் வண்டி 18 நாள் சும்மா நிற்கும். தவணை சும்மா நிற்காது.

இந்த எண்கள் உதாரணத்துக்குத்தான். உங்கள் ஊர்க் கூலி, உங்கள் விற்பனை, உங்கள் வங்கி வட்டியைப் போட்டு நீங்களே எழுதிப் பாருங்கள். வழி மட்டும் இதுதான்.

"பஸ்ஸில் மூட்டையை ஏற்ற விடுவாங்களா?"

நியாயமான கேள்வி. 2025 செப்டம்பரில் தமிழக அரசு சுய உதவிக் குழு மகளிருக்கு அடையாள அட்டை வழங்கத் தொடங்கியது. அந்த அட்டை உள்ளவர்கள் குழுப் பொருட்களை 25 கிலோ வரை, 100 கி.மீ. தூரம் வரை, அரசுப் பேருந்தில் சுமைக் கட்டணம் இல்லாமல் கொண்டுபோகலாம் என்று அப்போது அறிவிக்கப்பட்டது. நம் உதாரணத்தில் உத்திரமேரூருக்கு வாரம் 210 பை, பத்தரை கிலோ. வாலாஜாபாத், ஸ்ரீபெரும்புதூர் இரண்டுக்கும் சேர்த்து 420 பை, 21 கிலோ. இரண்டுமே 25 கிலோவுக்குள் அடங்குகிறது. அட்டை வாங்காதவர்கள் மகளிர் திட்ட அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். எந்தெந்தப் பேருந்துக்குப் பொருந்தும் என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021 மே மாதமே வந்தது.

கூடவே ஒரு யோசனை. வாலாஜாபாத்திலும் உத்திரமேரூரிலும் நம் குழுக்கள் இருக்கின்றன. அங்கே ஒரு உறுப்பினர் வீட்டில் இரண்டு வாரச் சரக்கை இருப்பு வைத்து, நிரப்பும் வேலையையும் அவரிடமே கொடுத்துப் பைக்கு இவ்வளவு என்று கூலி தரலாம். நம் பயணமும் பாதியாகும், அந்த ஊர்ப் பெண்ணுக்கும் வருமானம். மெஷின் நின்றுபோனால் பார்த்துச் சொல்லவும் ஆள் இருக்கும். சாவியும் காசும் மட்டும் ஒரே கையில் இருக்கக் கூடாது. காசு எண்ணும்போது இரண்டு பேர், பதிவேட்டில் இரண்டு கையெழுத்து.

நம் ஊருக்கென்று சில விஷயங்கள்

காஞ்சிபுரத்தில் வண்டி ஓட்டுவது மற்ற ஊர் மாதிரி இல்லை. பிள்ளையார்பாளையம் பக்கம் காலையில் தெருவில் பாவு நீட்டியிருப்பார்கள். நம் வீட்டுப் பிழைப்பும் அதில்தான் இருக்கிறது. அந்த நேரத்தில் அங்கே எந்த வண்டியும் போகக் கூடாது. மெஷின் நிரப்பும் நேரத்தை மதியத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

திருவிழாவில்தான் பை அதிகம் விற்கும். அப்போதுதான் தெருவும் அடைபடும். வைகாசியில் வரதராஜப் பெருமாள் கருட சேவை, பங்குனியில் ஏகாம்பரநாதர் உற்சவம், மாசியில் காமாட்சி அம்மன் உற்சவம். இந்த நாட்களில் மாட வீதிப் பக்கம் குட்டியானை நுழைய முடியாது. 2019-ல் ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை அத்திவரதர் வைபவம் நடந்தபோது ஊர் எப்படி இருந்தது என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. கொடியேற்றத்துக்கு முன்பே கோயில் பக்கத்து வீட்டிலோ கடையிலோ சரக்கை இறக்கி வைத்துவிட வேண்டும். பிறகு கைவண்டியே போதும்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்கு நல்ல தார்ப்பாய் வேண்டும். நனைந்த பையில் பூஞ்சை பிடிக்கும். நனைந்த நாப்கினைத் தூக்கித்தான் போட வேண்டும். நாப்கினை முதலில் பிளாஸ்டிக் டப்பாவில் மூடி, அதன்மேல் தார்ப்பாய் போடுங்கள். மண்ணெண்ணெய், மீன், காய்கறி ஏற்றிய வண்டியில் நாப்கினை ஏற்றாதீர்கள். பெண்கள் உடம்பில் படும் பொருள் அது.

எப்போது பெரிய வண்டி வாங்கலாம்?

வாங்கவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. மூன்று கேள்விக்கும் ‘ஆம்’ என்று பதில் வந்தால் தாராளமாக வாங்குங்கள்.

- ஆறு மாத விற்பனைக் கணக்கு கையில் இருக்கிறதா? எதிர்பார்ப்பு போதாது, எழுதிய கணக்கு வேண்டும்.
- மீதி நாட்களில் வண்டிக்கு வேறு வேலை உறுதியாக இருக்கிறதா? கூட்டமைப்பின் மளிகைக் கொள்முதல், தைத்த துணி, சந்தைக்குப் போகும் பொருள் இப்படி.
- அதே வேலையை மூன்று மாதம் வாடகை வண்டியில் செய்து, வாடகையே தவணையைவிட அதிகம் ஆகிறது என்று பார்த்துவிட்டீர்களா?

காகிதத்தில் கவனம்

ஆர்.சி. யார் பேரில்? சங்கமாகப் பதிவு செய்த கூட்டமைப்பு என்றால் கூட்டமைப்பின் பெயரில் வாங்கலாம். பதிவு இல்லாத குழுவில் ஒரு உறுப்பினர் பெயரில்தான் வாங்குவார்கள். அப்போது தீர்மானப் புத்தகத்தில் ‘வண்டி குழுவுக்குச் சொந்தம், தவணை குழு கட்டும்’ என்று எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். ‘நம்ம அக்காதானே’ன்னு விட்டால், நாளைக்கு அக்கா நன்றாகவே இருந்தாலும் அவர் வீட்டில் கேள்வி வரும்.

லைசென்ஸ்: மொபெட்டுக்குக் கியர் இல்லாத இருசக்கர லைசென்ஸ் போதும். இலகுரக வாகன லைசென்ஸ் உள்ளவர் 7,500 கிலோ மொத்த எடைக்கு உட்பட்ட சரக்கு வண்டியை ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. ஆகவே குட்டியானைக்குத் தனி பேட்ஜ் வேண்டும் என்று யாராவது பயமுறுத்தினால் பயப்பட வேண்டாம்.

பெர்மிட், எஃப்.சி.: மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேல் போகாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை. ஆனால் எஃப்.சி. உண்டு. புது வண்டிக்கு முதல் எஃப்.சி. 2 வருஷம், 8 வருஷம் வரை 2 வருஷத்துக்கு ஒருமுறை, பிறகு வருஷா வருஷம்.

இன்சூரன்ஸ்: 2018 செப்டம்பர் முதல் புது இருசக்கர வண்டிக்கு 5 வருஷ மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் சேர்த்தே எடுக்க வேண்டும். சரக்கு வண்டிக்கு வருஷா வருஷம் மறக்காமல் புதுப்பியுங்கள்.

செகண்ட் ஹேண்ட் வண்டி: ஆர்.சி.யில் பழைய கடன் பதிவு இருக்கிறதா, அபராதம் பாக்கி இருக்கிறதா, எஃப்.சி., வரி, இன்சூரன்ஸ் நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். பெயர் மாற்றப் படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்காமல் முழுப் பணமும் கொடுக்காதீர்கள். கடன் முடிந்ததும் வங்கியில் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் வாங்கி, ஆர்.சி.யில் உள்ள கடன் பதிவை நீக்குங்கள்.

ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகச் சொல்கிறோம்

சரக்கு வண்டியின் பின்னால் ஆள் ஏறக் கூடாது. கூட்டமைப்புக் கூட்டம், வங்கிக் கடன் முகாம், கோயில் என்று பதினைந்து, இருபது பெண்கள் குட்டியானையில் நின்றுகொண்டு போவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ‘நம்ம வண்டிதானே, எதுக்கு பஸ் காசு’ என்று தோன்றும். ஒரு திருப்பத்தில் சாய்ந்தால் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. சரக்கு வண்டியில் சும்மா ஏறிப் போகிறவருக்கு இன்சூரன்ஸ் பொறுப்பில்லை என்று உச்ச நீதிமன்றம் 2003-லேயே சொல்லிவிட்டது. அடிபட்ட பெண்ணின் வைத்தியச் செலவும், நஷ்ட ஈடும் வண்டிச் சொந்தக்காரர் தலையில்தான் விழும். சொந்தக்காரர் யார்? நம் கூட்டமைப்பு. பல வருஷம் வாரம் வாரமாகச் சேர்த்த சேமிப்பு ஒரே நாளில் போய்விடும். உயிர் போனால் எந்தச் சேமிப்பும் திருப்பித் தராது. வண்டி வாங்கும் தீர்மானத்திலேயே ‘ஆள் ஏற்றக் கூடாது’ என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேச

1. நம் சரக்கு வாரத்துக்கு எத்தனை கிலோ? எத்தனை பெட்டி? எடை போட்டு எழுதுங்கள்.
2. ஒவ்வொரு மெஷினும் எத்தனை நாளில் காலியாகிறது?
3. எந்த மெஷினுக்குப் பக்கத்தில் நம் குழு இருக்கிறது? யார் நிரப்புவார்?
4. ஒரு பையில் கையில் நிற்பது எவ்வளவு? மாதச் செலவை அதால் வகுத்தால் எத்தனை பை விற்க வேண்டும்?
5. நம்மில் யாருக்கு லைசென்ஸ் இருக்கிறது? யார் எடுக்க விரும்புகிறார்?

ஐந்தாவது கேள்வியைச் சிரித்துவிட்டு விட்டுவிடாதீர்கள். எந்த வண்டி வாங்கினாலும் நம் பெண்ணே ஓட்டினால் கூலி நம் வீட்டில் நிற்கும். குழுவுக்கு இரண்டு பேராவது லைசென்ஸ் எடுக்கட்டும்.

கணக்கு எழுதிக் கொண்டுவந்தால், மாதக் கூட்டத்தில் நாங்களும் உட்கார்ந்து சேர்ந்து பார்க்கிறோம். அதுவரை ஷோரூமில் முன்பணம் கட்ட வேண்டாம்.